கையால் ஓர் எழுத்து, விசையால் ஓர் எழுத்து

ஏழு மலை, ஏழு கடல் தாண்டி ஒரு நாடு என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நொச்சிவள நாடு அவ்வளவு தொலைவில் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே நெல் விளைந்தது, வெயில் கொளுத்தியது, மின்சாரம் அடிக்கடி போனது. அறுவடைக்கு அறுவடை தேர்தல் நடந்தது. நெல்லை அளந்து முடித்த கையோடு மக்கள் ஓர் அரசரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்த அறுவடை வரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

மற்ற நாடுகளில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் சண்டை வரும். நொச்சிவள நாட்டிலோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் விரல்களுக்காகச் சண்டை வந்தது. குழந்தை பென்சில் பிடித்து எழுதிப் பழக வேண்டுமா, விசைப்பலகையில் தட்டிப் பழக வேண்டுமா என்பதுதான் அங்கே அரசியல். பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூட அதைப் பார்த்துத்தான். பிள்ளைகளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஓட்டு இல்லை.

கோரையாற்றின் அக்கரையில் நாணற்குடி என்று ஒரு சிற்றூர். அங்கே பரிசல் ஓட்டிப் பிழைத்தவள் வடிவு. அவளுடைய ஒரே மகள் குயிலி. குயிலி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு விசைக் கட்சி வென்றது.

விசைக் கட்சித் தலைவர் அதிரூபர். பத்து விரலும் விசைப்பலகை மேல் பறக்க, அவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் படத்தை ஊர் ஊராக ஒட்டியிருந்தார்கள். முகம் அவருடையதுதான். விரல்கள் யாருடையவை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அரியணை ஏறிய அன்றே அவர் முழங்கினார்: “பென்சில் என்பது பிஞ்சு விரலுக்கு இட்ட விலங்கு. அந்த விலங்கை இன்று உடைத்தேன்!” நாட்டிலிருந்த பென்சில்களை எல்லாம் பிடுங்கிக் குழியில் கொட்டி மூடினார்கள். பிள்ளைக்கு ஒன்று என்று இலவச விசைப்பலகை கொடுத்தார்கள். அதில் அதிரூபரின் சிரித்த முகத்தை ஒட்ட இடம் வேண்டியிருந்ததால் ‘ம’ என்ற விசையின் மேல் ஒட்டினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் மணிமுடியாரின் பெயர் அந்த எழுத்தில் தொடங்குவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அரசு தெளிவுபடுத்தியது. அந்த ஆண்டு முழுக்க நொச்சிவள நாட்டில் ஒரு குழந்தையாலும் ‘அம்மா’ என்று தட்ட முடியவில்லை.

அதையாவது சிரித்துத் தள்ளிவிடலாம். தட்டியே பழகிய விரலுக்கு எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. ஒரு நாள் மாலை குயிலி ஆற்றங்கரையில் ஒரு பலகையைப் பார்த்தாள். யாரோ சுண்ணாம்பு தொட்டுக் கோணல்மாணலாக ‘ஆழம்’ என்று எழுதி நட்டிருந்தார்கள். விசையில் பார்த்த எழுத்துப்போல அது நிமிர்ந்து நிற்கவில்லை. அவள் கண்ணுக்கு அது வெறும் கோலம். இறங்கிவிட்டாள். வடிவு பரிசலை விட்டுப் பாய்ந்து, சடையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டபோது குழந்தைக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

“எழுதித்தானடி வச்சிருக்கு! பாக்கலையா நீ?” என்று அழுதுகொண்டே முதுகில் இரண்டு வைத்தாள் வடிவு.

“அது எழுத்தாம்மா?” என்று கேட்டாள் குயிலி.

அடுத்த அறுவடையில் விசைக் கட்சி தோற்றது. எழுதுகோல் பக்கம் நின்ற கோல் கட்சி வந்தது. அதன் தலைவர் மணிமுடியார் மெல்லப் பேசுவார், ஆனால் முடிக்கவே மாட்டார். “கையெழுத்துத் திருந்தினால் தலையெழுத்துத் திருந்தும்” என்பது அவர் முழக்கம். விசைப்பலகைகள் எல்லாம் வண்டி வண்டியாகப் போய் அதே குழியில் விழுந்தன. இனி ஒவ்வொரு குழந்தையும் மணிமுடியாரின் வாழ்க்கை வரலாற்றைத் தினமும் நூறு பக்கம் பார்த்து எழுத வேண்டும் என்று ஆணை வந்தது. ஆணைகளின் அடியில் மணிமுடியாரின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நேற்றைய ஆணையிலும் இன்றைய ஆணையிலும் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் இருந்தது. கட்சிக்காரர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

குயிலிக்கு எழுத்து வந்தது, மறுக்க முடியாது. கூடவே கட்டைவிரல் வீங்கியது. சோற்றை உருட்ட முடியாமல் வடிவு ஊட்டிவிட வேண்டியிருந்தது. முன்பெல்லாம் பரிசலில் வரும்போது, ஆற்றுக்குள் ஒரு மீன் கடை வைத்த கதை, தவளை அந்தக் கடையில் கடன் சொன்ன கதை என்று வாய் ஓயாமல் பேசுவாள். அதையெல்லாம் எழுது என்றால் இப்போது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“கையெழுத்து நல்லாருந்தா தலையெழுத்து நல்லாருக்காதும்பாங்க. இந்த மனுசன் ரெண்டையும் சேத்துல்ல கெடுக்குறாரு,” என்றாள் வடிவு.

மூன்றாம் அறுவடையில் மக்கள் இரண்டு கட்சியையும் ஒரே அளவில் வெறுத்தார்கள். வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. நாட்டை இருவரும் சேர்ந்து ஆளுவது என்று முடிவாயிற்று. இருந்தது ஒரே சிம்மாசனம். அதை அகலப்படுத்த டெண்டர் விட்டார்கள், அகலமானது செலவு மட்டும். அதிரூபரும் மணிமுடியாரும் ஆளுக்குப் பாதி இடுப்பை வைத்து, கீழே விழாமல் இருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அமர்ந்தார்கள். அந்தப் படத்துக்குச் ‘சமநிலை அரசு’ என்று பெயர் வைத்தார்கள்.

“பாதி உமக்கு, பாதி எமக்கு,” என்றார் அதிரூபர்.

“எதில் பாதி?” என்றார் மணிமுடியார்.

“பிள்ளைகளில்.”

தலைமைச் செயலர் பதுமநாபர் தொண்டையைக் கனைத்தார். எந்த ஆட்சி வந்தாலும் மாறாத ஒரே பொருள் அவர்தான். “பிள்ளைகளைப் பாதியாக்குவதில் சில நடைமுறைச் சிக்கல்கள் உள்ளன, மன்னர்களே. எழுத்துகளைப் பாதியாக்கலாம்.”

இப்படிப் பிறந்ததுதான் சமநிலை ஆணை. குழந்தை ஓர் எழுத்தைக் கையால் தாளில் எழுத வேண்டும், அடுத்த எழுத்தை விசையால் திரையில் தட்ட வேண்டும், மூன்றாவது மீண்டும் தாளில். ‘பட்டம்’ என்று எழுதினால் தாளில் ‘ப’வும் ‘ட’வும் இருக்கும், திரையில் ‘ட்’டும் ‘ம்’மும் இருக்கும். அதை எப்படிப் படிப்பது என்று கேட்டவர்களுக்கும் அரசிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு படிப்பாளர்களை நியமித்தார்கள். கோல் கட்சிக்காரர் தாளைப் படிப்பார், விசைக் கட்சிக்காரர் திரையைப் படிப்பார். இருவரும் முந்தாமல் பிந்தாமல் மாறி மாறி உச்சரித்தால் சொல் கிடைக்கும். ஆனால் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. பல ஊர்களில் ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார். நாட்டில் பாதிச் சொற்கள் மட்டுமே புழங்கின. அரசு அறிக்கைகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்று சிலர் சொன்னார்கள், அது பொறாமை.

ஆண்டு நடுவில் சமநிலைத் தேர்வு வைத்தார்கள். நாடே தோற்றது. தோற்ற பள்ளிகளை மூடுவது என்று அரசு முடிவு செய்தது. அமைச்சர்களின் பிள்ளைகள் படித்த தலைநகர்ப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு, அவை தேர்வே எழுதவில்லை. நாணற்குடிப் பள்ளியின் கதவில் ஆணையை ஒட்டினார்கள். வரும் ஐப்பசி முதல் பள்ளி மூடப்படும், பிள்ளைகள் ஆற்றைக் கடந்து நகரத்துப் பள்ளிக்குப் போக வேண்டும்.

ஒட்ட வந்த அதிகாரியை வடிவு கரையிலேயே மறித்தாள்.

“சார், ஐப்பசில இந்த ஆத்தைப் பாத்திருக்கீங்களா? பரிசல் ஓட்டுற நானே அந்த மாசம் வீட்ல உக்காந்துருவேன். பச்சப்புள்ளைங்க எப்படிக் கடக்கும்?”

“அது நீர்வளத்துறை, அம்மா. நான் எழுத்துத்துறை.”

“புள்ள ஒண்ணுதான சார்?”

“கோப்பு வேறு வேறு,” என்றார் அதிகாரி, அதே பரிசலில் திரும்பிப் போகும்போது இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

நாணற்குடிப் பள்ளிக்கு ஒரே ஆசிரியை, ஏகவல்லி. மூன்று ஆட்சியிலும் மெமோ வாங்கியவர். இரண்டு படிப்பாளர்களும் ஒருசேர வராத ஒரு நாள் அவர் கதவைச் சாத்தினார். எங்கிருந்தோ ஒரு கட்டு பென்சிலையும் மூன்று பழைய விசைப்பலகைகளையும் எடுத்து வைத்தார். அதிரூபரின் சிரிப்பின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘ம’ என்று எழுதி ஒட்டினார்.

“டீச்சர், எதுல எழுதணும்?” என்று பிள்ளைகள் பயந்தார்கள்.

“புது எழுத்துன்னா கையால எழுதுங்க. அப்பத்தான் அது யாரு எந்த மாதிரி எழுதினாலும் அடையாளம் தெரியும். கதை நீளமா வருதா, தட்டுங்க. மனசு ஓடுற வேகத்துக்குப் பென்சில் ஓடாது. கை வலிச்சா நிறுத்துங்க. இதுக்கு ஒரு சட்டம் வேணுமா?”

குயிலி அன்று மீன் கடைக் கதையைத் தட்டினாள். வரிகளை இங்கிருந்து அங்கே நகர்த்தினாள், பிடிக்காத தவளையை நீக்கினாள், பிறகு பாவம் பார்த்து மறுபடி சேர்த்தாள். முடித்ததும் தலைப்பை மட்டும் கையால் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டினாள். ‘அம்மாவுக்கு’ என்று கீழே எழுதியிருந்தது. வடிவு அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் மூடப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த நேரம் பார்த்துத்தானா குழந்தைக்கு எழுத்துப் பிடிபட வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நொச்சிவள நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அதற்கு முதல் மனு என்று பெயர். ஆண்டுக்கு ஓர் ஊர் என்று முறை வைத்து, அந்த ஊரில் ஏழு வயது நிறைந்த குழந்தை அரசவையில் எல்லோர் முன்னாலும் ஒரு மனு எழுதும். அரசர் அதைப் படித்து, தம் கையாலேயே பதில் எழுத வேண்டும். மாலை முரசு கொட்டுவதற்குள் பதில் எழுதாவிட்டால் அந்த மனுவே சட்டமாகிவிடும். நாட்டை நிறுவியவர்கள் இதை எந்த மனநிலையில் வைத்தார்களோ தெரியாது. பின்னால் வந்தவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். மனுவையும் பதிலையும் தலைமைச் செயலரே முன்கூட்டித் தயாரித்துவிடுவார். குழந்தை மிட்டாய் கேட்கும், அரசர் மிட்டாய் கொடுப்பார், கூட்டம் கைதட்டும்.

அந்த ஆண்டு முறை நாணற்குடிக்கு. ஏழு வயது நிறைந்தவள் குயிலி.

பதுமநாபர் அனுப்பிய மனு பத்துப் பாட்டு நீளத்துக்கு இருந்தது. ‘இரட்டைக் கதிரவர்களே’ என்று தொடங்கி மிட்டாயில் முடிந்தது. குயிலி அதை ஒருமுறை படித்தாள்.

“டீச்சர், இது நான் கேக்கலையே?”

“நீ என்ன கேப்பே?”

குயிலி விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். முதலில் பக்கம் பக்கமாக வந்தது. ஆறு வந்தது, பலகை வந்தது, வீங்கிய விரல் வந்தது, தவளையும் வந்தது. பல நாள் உட்கார்ந்து தானே வெட்டி வெட்டிச் சில வரிகள் ஆக்கினாள். பிறகு அந்த வரிகளைக் கை மறக்காத அளவுக்குப் பென்சிலால் எழுதிப் பார்த்தாள். ஏகவல்லி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

மனு நாளன்று அரசவை நிரம்பி வழிந்தது. நடுவில் சமநிலை மேசை. ஒரு பக்கம் சங்கிலியில் கட்டிய பென்சில், மறுபக்கம் திரையோடு விசைப்பலகை. முரசுக்காரர் ஒருவர் எழுத்துக்கு எழுத்து ‘கை’, ‘விசை’ என்று கூவத் தயாராக நின்றார். குயிலி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை.

“கை!” என்றார் முரசுக்காரர்.

அரசுப் பென்சிலில் இரு மன்னர்களின் படமும் பொன்னிறத்தில் அச்சாகியிருந்தது. தாளில் அழுத்தினால் கோடு விழவில்லை. டெண்டரில் பென்சில் என்று இருந்ததே தவிர உள்ளே கரி என்று இல்லை.

“பரவாயில்லை, விசை!” என்று கை காட்டினார் பதுமநாபர். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

அவை சிரித்தது. மன்னர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். “மனு ஒத்திவைக்கப்படுகிறது,” என்று பதுமநாபர் வாயெடுத்தார். கூட்டத்திலிருந்து வடிவு எழுந்து வந்தாள். கொண்டையில் செருகியிருந்த ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

“எழுது கண்ணு. நிதானமா எழுது. ஆத்தா இங்கதான் நிக்கிறேன்.”

“இது சமநிலை அன்று!” என்று அதிரூபர் கத்தினார். ஆனால் குயிலி எழுதத் தொடங்கிவிட்டாள். முதல் மனுவை எழுதும் குழந்தையைத் தடுப்பவன் கை கட்டி அவைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதும் அதே பழைய வழக்கம். காவலர்கள் யாரும் அசையவில்லை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, பெரிதாக, வட்டமாக எழுதினாள். முடித்ததும் தாளைத் தூக்கிப் பிடித்து அவளே படித்தாள்.

“எங்கள் பள்ளிக்கூடத்தை மூடக்கூடாது. ஐப்பசியில் ஆறு பெரிசு, நாங்கள் சின்னவர்கள். நாங்கள் கையாலும் எழுதுவோம், தட்டவும் தட்டுவோம். எப்போது எது என்று டீச்சரும் நாங்களும் பார்த்துக்கொள்வோம். எங்களுக்குச் சட்டம் போடுகிறவர்கள் முதலில் அதை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். இப்படிக்கு, குயிலி.”

பின்வரிசையில் ஒரு விசில் எழுந்தது.

பதுமநாபர் வழக்கம்போலத் தயாராக வைத்திருந்த பதிலை நீட்டினார். “மகிழ்ச்சி. குழந்தைக்கு மிட்டாய் வழங்குக.”

“எம்புள்ள மிட்டாய் கேக்கலைங்களே!” என்றாள் வடிவு. “அவ கேட்டதுக்குப் பதில் எழுதச் சொல்லுங்க. அவங்க கையால.”

“கையால! கையால!” என்று கூட்டம் பிடித்துக்கொண்டது.

“எழுதுவோம். ‘மறுக்கப்படுகிறது’ என்று ஒரு சொல் எழுதினால் தீர்ந்தது,” என்று அதிரூபர் பல்லைக் கடித்தபடி சொன்னார். “கோல் கட்சித் தலைவரே, தங்கள் முத்தான கையெழுத்தில் எழுதலாமே.”

மணிமுடியார் துண்டுப் பென்சிலை வாங்கினார். சாம்பார்க் கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். தாளைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார். “ஏய், என் ஸ்டாம்ப்பு எங்கய்யா?” என்று செயலரிடம் கிசுகிசுத்தார். அவை அமைதியாக இருந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது.

அப்போது மின்சாரம் வந்தது. திரை ஒளிர்ந்தது.

“விசையை அழுத்துவதும் கைதான், வழக்கம் அதை ஏற்கும்,” என்று பதுமநாபர் ஒரு வழி காட்டினார். “விசைவேந்தர் அதிரூபர் தட்டலாம்.”

அதிரூபர் மேசைக்கு வந்தார். நாட்டின் எல்லாச் சுவர்களிலும் பறந்த அந்தப் பத்து விரல்களும் இப்போது மடங்கி நின்றன. ஒரு விரல் மட்டும் நீண்டு, விசைப்பலகை மேல் வழி தவறிய எறும்புபோல் அலைந்தது. ‘மறுக்கப்படுகிறது’ என்ற சொல் ‘ம’வில் தொடங்கியது. அந்த இடத்தில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க எழுதுங்கண்ணே,” என்றார் அதிரூபர்.

“இல்ல தம்பி, நீங்களே தட்டுங்க,” என்றார் மணிமுடியார்.

மூன்று ஆண்டு மேடைப் பேச்சில் அவர்கள் ஒருவரை ஒருவர் மதித்துப் பேசியது அந்த ஒரு முறைதான். மேற்குச் சாளரத்தில் வெயில் இறங்கியது. எல்லோரும் முரசுக்காரரைப் பார்த்தார்கள். அவருக்கும் ஒன்றாம் வகுப்பில் ஒரு பேத்தி இருந்தாள். அவர் கோலை ஓங்கி, மூன்று ஆட்சிக் கோபத்தையும் சேர்த்து முரசில் இறக்கினார்.

மனு சட்டமாயிற்று. அரசவைக் கூரை இடிந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு ஆரவாரம் எழுந்தது. வடிவு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். இந்த இடத்தை எழுதும்போது எனக்கும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது, மறைப்பானேன்.

“சட்டத்தை நாடு முழுக்க அறிவிக்க வேண்டும்,” என்று பதுமநாபர் முனகினார். “படி எடுக்கச் சில மாதங்கள் பிடிக்கும்.”

“எறக்கி விடும்மா,” என்றாள் குயிலி. ஓடிப் போய் விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். அதிரூபரின் முகத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். படபடவென்று தட்டி, எல்லா ஊருக்கும் போகும் விசையை அழுத்தினாள். கையால் எழுதிய மனு, அன்று விளக்கேற்றும் நேரத்துக்குள் நொச்சிவள நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துத் திரையிலும் வந்து நின்றது.

சட்டம் சட்டம்தான். இரு மன்னர்களும் நாணற்குடிக்குப் புறப்பட்டார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. சிம்மாசனப் பழக்கத்தில் இருவரும் பரிசலின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார, பரிசல் சாய்ந்தது.

“ஆளுக்கு ஒரு பக்கமா உக்காருங்கய்யா! கவுந்துரும்,” என்று துடுப்பை ஓங்கினாள் வடிவு. “சமநிலை சமநிலைன்னு ஊரெல்லாம் சொன்னீங்கள்ல? இதுதான் அது.”

நடு ஆற்றில் சுழி இழுத்தது. மணிமுடியார் கண்ணை மூடிக்கொண்டார். “அம்மா, இதிலா பிள்ளைகளை அனுப்பச் சொன்னோம்?” என்று நடுங்கிக் கேட்டார் அதிரூபர். அரசாட்சியில் அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

பள்ளியில் முன்பெஞ்சு காத்திருந்தது. முழங்கால் நெஞ்சில் இடிக்க இருவரும் உட்கார்ந்தார்கள். ஏகவல்லி ஆளுக்கொரு பென்சில் கொடுத்தார். மணிமுடியாரின் ‘அ’ குப்புற விழுந்தது. குயிலி பக்கத்தில் வந்து அவர் விரல்களைப் பிரித்து, பென்சிலைச் சரியாகப் பிடிக்க வைத்தாள்.

“இவ்ளோ இறுக்கிப் பிடிக்காதீங்க தாத்தா. கை வலிச்சா சொல்லுங்க, கொஞ்ச நேரம் தட்டலாம்,” என்றாள்.

அந்தச் சட்டம் எழுத்தோடு நிற்கவில்லை. ரேஷன் அரிசிக்கு ஆணை போட்ட அமைச்சரை மக்கள் உட்கார வைத்து அதையே சமைத்துப் போட்டார்கள். சாலைக்கு ஆணை போட்டவரை மழைநாளில் அதே சாலையில் நடக்க விட்டார்கள். நொச்சிவள நாட்டில் ஆணைகள் குறைந்தன, அவற்றில் பொருளும் இருந்தது. நாணற்குடிப் பள்ளி ஐப்பசியிலும் திறந்திருந்தது, இன்றும் திறந்திருக்கிறது.

அங்கே முன்பெஞ்சில் இன்னும் இடம் இருக்கிறதாம். பக்கத்து நாட்டுக்காரர்கள் யாரையாவது அனுப்புவதென்றால் அனுப்பலாம் என்று ஏகவல்லி டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெயர்களை நீங்களே எழுதி அனுப்புங்கள். கையால் எழுதினாலும் சரி, தட்டினாலும் சரி.